மை போட்டுப் பார்த்த கதை

கல்லூரியில் படிக்கும் என் பெண், பரீட்சை முடிந்த விடுமுறையில் ஓர் இங்கிலீஷ் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடந்தாள். "அப்படி என்னடி இருக்கு அதுல?" என்று கேட்டேன். நான் பத்தாவதோடு நின்றவள்; இங்கிலீஷ் நாவல் எனக்கு எட்டாது. முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே அவள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

ஜிம் புட்சர் என்ற அமெரிக்கர் எழுதி 2000-ல் வெளிவந்த 'ஸ்டார்ம் ஃப்ரன்ட்' என்ற நாவலாம் அது. சிகாகோ நகரத்தில் ஹாரி டிரெஸ்டன் என்று ஒரு மந்திரவாதி. ஒளிவு மறைவு கிடையாது. டெலிபோன் டைரக்டரியிலேயே மந்திரவாதி என்று பெயர் போட்டு, ஆபீஸ் வைத்துத் தொழில் நடத்துகிறார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவார். போலீசுக்குப் புரியாத கேஸ் வந்தால் அவர்களுக்கும் துப்பறிந்து சொல்வார். ஆனாலும் பாவம், ஆபீஸ் வாடகை பாக்கி! வீட்டு நிலவறையில் பேசுகிற மண்டையோடு ஒன்று அவருக்கு ஒத்தாசை. கணவனைக் காணோம் என்று ஒரு பெண்மணி அவரிடம் வருகிறாள். அதே சமயம் சூனியத்தால் ஒரு கொலை நடக்கிறது. மந்திரவாதிகளின் சபையோ அவர் மேலேயே சந்தேகப்படுகிறது. எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போயிற்று.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி மந்திரவாதி துப்பறியற கதையெல்லாம் ஏதும்மா?" என்றாள் என் பெண்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "கதையில என்னடி, நான் நேர்லயே பார்த்திருக்கேன். அந்த ஆளுக்கு மண்டையோடு மாதிரி, எங்க ஊர் ஆளுக்கு நான்தான் ஒத்தாசை" என்றேன். அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் அது.

என் பிறந்த வீடு பாகூர். ஏரிப் பாசனம், வீடு நிறைய நெல். 1990-ல் எனக்குப் பத்து வயது. அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலி காணாமல் போயிற்று. போலீசுக்குப் போனால் மானம் போகும் என்று ஆயா ஒரு மைக்காரரை அழைத்து வரச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துத் தனியார் துப்பறிவாளர் அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆடு தொலைந்தாலும், நகை தொலைந்தாலும், பிள்ளை ஓடிப்போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கெண்ணெயில் குழைத்த கரிய மையை வெற்றிலையில் தடவி, பக்கத்தில் விளக்கை வைத்து, வயசுக்கு வராத ஒரு பிள்ளையைப் பார்க்கச் சொல்வார். பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாதாம்.

என்னை உட்கார வைத்தார்கள். கூடம் நிறைய ஜனம். உற்று உற்றுப் பார்த்தேன். தெரிந்ததெல்லாம் என் நெற்றியும் மூக்கும், ஆடுகிற விளக்குச் சுடரும்தான்.

"தெரியுதா பாப்பா? ஆம்பளையா, பொம்பளையா? பொம்பளைதானே?"

"ஆமாம்."

"கருப்பா, மாநிறமா? கருப்புதானே? கையில முறம் இருக்குதா?"

"இருக்குது."

சுற்றி நின்றவர்கள் 'ஹா' என்றார்கள். எங்கள் களத்தில் நெல் தூற்ற வந்துகொண்டிருந்த ஓர் அக்காவின் பெயரை யாரோ சொன்னார்கள். மைக்காரர் பெயரே சொல்லவில்லை. பெயரை நாங்களே சொல்லிக்கொண்டோம். அதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம் என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து அந்த அக்காவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நாலு மாதம் கழித்துக் குதிரைக் காலி பண்ணும்போது அடிநெல்லில் சங்கிலி கிடைத்தது. அப்பா அவர்களை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் வரவில்லை. நான் பொய் சொன்னேன் என்பது யாருக்கும் தெரியாது. பொய் என்று கூடச் சொல்ல முடியாது. அவ்வளவு பேர் முன்னால் ஒரு பெரியவர் 'தானே, தானே' என்று கேட்டால் ஒரு குழந்தை வேறு என்னதான் சொல்லும்?

பதினாறு வயதில் எனக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது. அண்ணன் வாடகை நூல் நிலையத்திலிருந்து கொண்டு வருவதைத் திருட்டுத்தனமாகப் படிப்பேன். அப்படிப் படித்ததுதான் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்ததாம். சொத்துக்கு உரிய ஒரு பெண், பழைய பங்களா, இரவில் தெரியும் ஓர் உருவம். துப்பறிய வரும் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். ஆவி என்று எல்லோரும் நடுங்குகிற இடத்தில் கணேஷ் லேசர் ஒளியையும், அதை வைத்து வெறும் காற்றில் உருவம் காட்டுகிற ஹோலோகிராமையும் பற்றி யோசிப்பார். விஞ்ஞானமா ஆவியா என்ற இழுபறியைக் கடைசி வரைக்கும் விடமாட்டார் சுஜாதா. அன்று ராத்திரி கொல்லைப்புறம் போகப் பயந்தேன் என்பது வேறு விஷயம்!

அடுத்து, சன் டிவியில் 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கியது. 2024 நவம்பரில் அவர் காலமான செய்தி கேட்டு நம் வீட்டு மனுஷர் போனது போலிருந்தது எனக்கு. குற்றம் செய்தவர்களைக் கருப்புசாமியே வந்து தண்டிக்கிறார் என்று ஒரு கிராமமே நம்புகிறது. கடைசியில் பார்த்தால் ஒரு மனிதனின் மனசு இரண்டாகப் பிளந்து போயிருக்கிறது. இது சாமியும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை, நோய்! எங்கள் ஆயா, "போடி, இதுக்குப் போய் இத்தனை வாரமா உக்கார வெச்சான்" என்று சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது மனசில் தங்கிவிட்டது.

கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்தேன். 2009-ல் என் சின்ன நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. ஒன்பதாம் நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். "இது என் பிள்ளை இல்ல அண்ணி, மாத்திட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். குழந்தைக்குப் பால் கொடுக்க மறுத்தாள்.

"பிள்ளை பெத்த உடம்பு, காத்து கருப்பு பட்டுடுச்சி" என்றார் அத்தை. வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் தோட்டத்தில் முருங்கை மரத்தடியைத் தோண்டி, மயிர் சுற்றிய எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினார். ஆறு மாதம் முன்பு புதைத்த செய்வினையாம். "யார் செஞ்சது?" என்று அத்தை கேட்டார். "பேர் சொல்லக் கூடாதும்மா. தாலி இல்லாத கழுத்து. இந்த வீட்டுக்குக் கை நீட்டிச் சோறு கொடுத்த கை."

மறுபடியும் பெயரை நாங்களே சொல்லிக்கொண்டோம். எதிர் வீட்டு அக்கா சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். பிரசவமான நாளிலிருந்து தினமும் பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டு வந்தவர். அத்தை தெருவில் நின்று கத்தினார். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் பேசவில்லை. மூன்று நாள், சகோதரிகளே, மூன்று நாள் நானும் அதை நம்பினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, விடிந்ததும் சங்கராபரணி ஆற்றில் விடுவதற்காகச் சிவப்புத் துணியில் முடிந்து திண்ணையில் வைத்திருந்த அந்தப் பழத்தைப் பார்த்தேன். என் வீட்டு எலுமிச்சம்பழம் ஒரு வாரத்தில் சுருங்கிப் போகிறது. ஆறு மாதம் மண்ணுக்குள் இருந்தது எப்படி இருக்கும்? கை நடுங்க முடிச்சை அவிழ்த்து, அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். சாறு என் முகத்தில் தெறித்தது. அன்று காலையில் சந்தையில் வாங்கின பழம் மாதிரி அப்படி ஒரு வாசனை.

இவரை எழுப்பினேன். இரண்டு மூடியையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார். விடிவதற்குள் ஜிப்மரில் இருந்தோம்.

பிரசவத்துக்குப் பின் வருகிற மனநோய் என்று டாக்டரம்மா சொன்னார். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வருமாம். தூக்கம் கெடுவது, காதில் குரல் கேட்பது, குழந்தையைப் பற்றித் தப்புத் தப்பாக எண்ணம் வருவது எல்லாம் அதன் குறிகள். தாயையும் பிள்ளையையும் தனியாக விடவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய அவசரம் இது, மருந்தில் குணமாகும் என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன்: "யாராவது ஏதாவது செஞ்சதால வருமா டாக்டர்?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரும் எதுவும் செய்யலைம்மா. அவங்க மேலயும் தப்பு இல்லை."

மைக்காரரிடம் போனாலும் சரி, பழம் தோண்டுகிறவரிடம் போனாலும் சரி, 'யார்' என்றுதான் கேட்கிறோம். கேட்டால் அவர் ஓர் ஆளைக் காட்டித்தானே ஆக வேண்டும்? காசு வாங்கியிருக்கிறாரே! எங்கள் வீட்டு கேஸில் குற்றவாளியே இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதை டிவியில் பார்த்து அழுத நாங்கள்தான், எட்டு வருஷம் கழித்து எங்கள் வீட்டுப் பெண்ணை வேப்பிலையால் அடிக்கப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது 14416 என்று அரசாங்கமே டெலிபோன் நம்பர் வைத்திருக்கிறது. மனசு சம்பந்தமாக எந்த நேரமும் கேட்கலாம், காசு கிடையாது. அடுக்களைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாத்தனார் மூன்று மாதத்தில் தேறினாள். அடுத்த பிரசவத்தில் திரும்ப வர வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருந்ததால், 2013-ல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிக் கண்காணிப்பில் இருந்தாள், ஒன்றும் நேரவில்லை. மூத்தவனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. "மருந்து பாதி, மந்திரம் பாதி" என்று அத்தை கடைசி வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் பெண், "எதிர் வீட்டுப் பெரியம்மா கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாம்மா?" என்றாள்.

கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே போய்க் கேட்டேன். "நீ என்ன பண்ணுவ, விடும்மா" என்றார் அக்கா. பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்து அனுப்புகிறேன், அவர்கள் வீட்டிலிருந்து முறுக்கு வருகிறது. வைகாசி மாதம் திருக்காமீஸ்வரர் தேர் பார்க்க இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போகிறோம். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட எங்கள் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. எத்தனை கூப்பிட்டாலும், "இருக்கட்டும்மா, காத்து நல்லா வருது" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்கிறார். நானும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.