சொல்லாமல் விட்ட சத்தம்

என்னை அண்ணனாக நினைத்த ஒருவன், இரண்டு கார்களில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டான். எது நல்லது என்று எனக்குத் தெரியும். மற்றதை வாங்கச் சொன்னேன். நல்லதைச் சில வாரங்கள் கழித்து நானே வாங்கிக்கொண்டேன். அவன் காரின் எஞ்சின் போய் என் பட்டறைக்கு வந்தபோது, பிரித்து வேலை பார்த்துக் கூலியும் வாங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, இந்த ஆண்டு வரை, இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவன் பெயரை எழுதப் போவதில்லை. தம்பி என்றே எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில் இருந்தன. என் அப்பா தோட்டத்து லாரி டிரைவர். அவன் அம்மா கொழுந்து பறித்தவர். கையால் கிள்ளிய காலத்தில் தொடங்கி, கத்தரி வந்து, இருவர் பிடித்து நடக்கும் மிஷின் வந்த பிறகும் மலையேறியவர். 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குப் பின் இந்தச் சரிவுகளில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தன. ஆனால் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். தோட்டத்துச் சாலை ஒரு வண்டி போகிற அகலம். கார் வந்தால் நாங்கள் செடியோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். இன்று சுங்கை பாலாஸுக்குத் தேநீர் குடிக்கப் போகிறவர்களுக்கும் அந்த அகலம் தெரியும்; எதிரே ஒரு வேன் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். அந்த ஓரத்தில் நின்று வளர்ந்த பையன்களுக்குக் கார் மேல் இருந்த ஆசையை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த ஆசை தொழிலாக மாறியது. மலையில் காய்கறி போடுகிறவர்கள் பழைய லேண்ட் ரோவர்களை இன்னும் விடாமல் ஓட்டுகிறார்கள். முட்டைக்கோஸையும் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான மண்பாதையில் இறங்க வேறு வண்டி சரிப்படாது. அவற்றைப் பிரித்துத்தான் நான் வேலை பழகினேன். பிரிஞ்சாங்கில் சொந்தப் பட்டறை போட்டபோது, "அவன் பானட்டைத் திறக்கவே வேண்டாம், காதால கேட்டே சொல்லிடுவான்" என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது உண்மைதான். என் குற்றத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது. தெரியாமல் தவறாகச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

தம்பி இரவு லாரி ஓட்டினான். மாலையில் கம்போங் ராஜாவில் காய்கறி ஏற்றி, விடிவதற்குள் கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புவான். அப்படிச் சேர்த்த பணத்தோடு அவன் அம்மா கட்டிய சீட்டும் சேர்ந்தது. 2003ஆம் ஆண்டில் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "அண்ணே, எவோவா சுபாருவா?" என்று கேட்டான்.

அந்தக் காலத்தில் கார்ப் பைத்தியம் பிடித்த எந்தப் பையனும் கேட்ட கேள்வி அது. மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன், சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் இரண்டும் 1992இல் பிறந்தவை. இரண்டுக்கும் 2 லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிற மாதிரி நான்கு கதவு. இரண்டும் ராலிப் போட்டிக்காகவே பிறந்தவை. குரூப் ஏ விதிப்படி ஒரு காரைப் போட்டியில் இறக்க, அதே மாதிரியில் 2,500 கார்களைத் தயாரித்தாக வேண்டும். அதனால்தான் காட்டுப் பாதையில் பறக்க வேண்டிய வண்டி நம்மைப் போன்றவர்கள் கைக்கும் வந்தது. 1995இல் காலின் மெக்ரே சுபாருவில் உலகப் பட்டம் வென்றார். அடுத்து 1996 முதல் 1999 வரை நான்கு பட்டங்களையும் டாமி மாக்கினன் மிட்சுபிஷியில் தட்டிச் சென்றார். மலைவாசிகளான எங்களுக்கு டர்போ மேல் தனிப் பிரியம் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும், சாதாரண எஞ்சின் மூச்சுத் திணறும். டர்போ அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

தம்பியின் மனம் எவோ பக்கம்தான் இருந்தது. அதற்குக் காரணம் கரம்ஜித் சிங். நம் நாட்டுச் சீக்கியர், 2002இல் தயாரிப்புக் கார் பிரிவில் உலக ராலிப் பட்டம் வென்றவர். அவர் ஓட்டியது புரோட்டோன் பெர்ட். பெயர் புரோட்டோன் என்றாலும் உள்ளே இருந்தது எவோ. மலேசியர் ஒருவர் உலகத்தை வென்ற வண்டி என்று தம்பி அதைப் பற்றிப் பேசும்போது அவன் முகமே மாறும். அவருடைய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி லாரியின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்தான்.

இரண்டு கார்களையும் பார்க்க அவனோடு போனேன். எவோ ஈப்போவில் ஒருவரிடம் இருந்தது. 1995ஆம் ஆண்டின் மூன்றாம் எவோ, 270 குதிரைத்திறன். பெயின்ட் ஒரிஜினல், பானட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. வெட்டி ஒட்டிய வண்டியா என்று கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பார்த்தேன், தொழிற்சாலையில் போட்ட வெல்டிங் அப்படியே இருந்தது. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவு. ஓட்டினேன். இறங்க மனம் வரவில்லை. அந்த நிமிடமே எனக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

சுபாரு தாப்பாவில் இருந்தது. நீல நிறம், பொன்னிறச் சக்கரம், பார்த்தால் மெக்ரே இறங்கி வருவார் என்று தோன்றும். அதை ரிங்லெட் சாலையில் ஏற்றினேன். 1930களின் தொடக்கத்திலிருந்து மலைக்கு ஏறிவரும் பழைய சாலை அது, வளைவு முடியுமுன் அடுத்த வளைவு. கார் அருமையாகத் திரும்பியது. லாத்தா இஸ்கந்தார் அருவியருகே நிறுத்தினோம். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது. நிறுத்துவதற்குச் சற்று முன், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது, 2,500 சுற்று அளவில், அடியிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்து மறைந்தது. ராட் பேரிங் தேய்ந்த சத்தம். தம்பி அருவிப் பக்கம் போயிருந்தான். நான் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துணியில் துடைத்து வெயிலில் பிடித்தேன். எண்ணெய்க் கறுப்பில் உலோகத் துகள் மினுக்கியது. துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவனிடம் சொன்னவை இவை. சுபாருவின் பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் நிற்பதில்லை, படுத்திருக்கின்றன, அதனால் எடை தரையோடு தாழ்ந்து நிற்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் காரின் நடுக்கோட்டில் நேராக அமர்ந்திருக்கின்றன, இடது வலது பாரம் சமம். நம் மலை வளைவுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. எவோவின் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து மூக்குப் பக்கம் கனக்கும். இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்வார். ஏமாற்றப் பொய் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை, தெரிந்த நிஜத்தில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதுமாக இருந்தது.

சொல்லாமல் விட்டவை வேறு. எவோ, நம் ஊர் புரோட்டோன் வீராவின் உடன்பிறப்பு, இரண்டும் அதே லான்சரிலிருந்து வந்தவை. ஒரு கண்ணாடி உடைந்தாலும் கதவு நசுங்கினாலும் ஈப்போவில் எந்தக் கடையிலும் வீரா சாமான் கிடைக்கும். இரவு லாரி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் அது. சுபாருவில் ஸ்பார்க் பிளக் மாற்றுவதே பாடு, பேரிங் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை. பாக்கெட்டில் இருந்த துணியைப் பற்றியும் சொல்லவில்லை.

"அண்ணே, நீங்க சொன்னா சரிண்ணே" என்றான்.

ஏன் செய்தேன் என்பதைப் பல ஆண்டுகள் எனக்கே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டேன். சத்தம் மெல்லியதுதானே, தேய்ந்துகொண்டே பல வருடம் ஓடுமே, அவன் வேகமாக ஓட்டாமலிருந்தால் ஒன்றும் ஆகாதே என்று. எல்லாம் சப்பைக்கட்டு. எனக்கு அந்த எவோ வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதை எழுதக் கை கூசுகிறது. லயத்தில் என் பின்னால் நடந்து வந்த பையன், நான் டயர் உருட்டச் சொல்லிக் கொடுத்த பையன், எனக்கு முன்னால் அந்தக் காரில் போவதை என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் மேலே வந்தால் ஊரே சந்தோஷப்பட வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் பேசியவன் நான்.

பட்டறைக்காக எடுத்த கடனில் ஒரு பகுதியை எடுத்து எவோவை வாங்கினேன். விற்றவர் விலையைக் குறைத்துவிட்டார் என்று தம்பியிடம் ஒரு கதை சொன்னேன். அவன் எலுமிச்சம்பழத்தோடு வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்து, முதல் சுற்றுக்கு என்னோடு உட்கார்ந்து வந்தான். முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை. நான்தான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சுபாரு அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு ஏற்றத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கி நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். திறந்தேன். பேரிங் சுழன்று ஷாஃப்டைக் கீறியிருந்தது, உள்ளே எதையும் காப்பாற்ற முடியாது. இங்கே கார்மேல் பழி போடக் கூடாது. எண்ணெய் மாற்றாமல் யாரோ வருடக்கணக்கில் ஓட்டியதன் பலன் அது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட அதே எஞ்சின்கள் நெடுங்காலம் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். "பழைய வண்டின்னா இப்படித்தான் தம்பி" என்றேன். செய்ததிலேயே ஆகக் கேவலமானது எது என்று கேட்டால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். ஹாஃப்கட் என்று விற்கும் பழைய எஞ்சின் ஒன்றை ஈப்போவிலிருந்து வரவழைத்துப் பொருத்தினேன். சாமான் செலவோடு என் கூலியையும் சேர்த்துச் சீட்டு எழுதினேன். அவன் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பணத்தை எண்ணி வாங்கினேன்.

பிறகு அவன் காரை விற்றுவிட்டு ஜொகூருக்குப் போனான். எல்லையைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் அழைப்பு அவனிடமிருந்துதான் வரும். அவன் அம்மா இறந்தபோது காரியங்களுக்கு முன்னின்றவன் நான். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இந்த ஆண்டு அவன் மூத்த மகன் லைசென்ஸ் எடுத்தான். தம்பி போன் செய்தான். "பையன் ரெண்டு கார் பாத்து வெச்சிருக்கான்ணே. நீங்க வந்து ஒரு தடவ கேட்டுச் சொல்லுங்க, எனக்கு வேற யார் மேலயும் நம்பிக்கை இல்ல." போனை வைத்ததும் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். "இத்தன வருஷமா அந்த வண்டியிலயா என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சின் விலை, பொருத்திய கூலி, இழுத்து வந்த செலவு எல்லாவற்றையும் பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கூட்டி, பணமாக எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனேன்.

வாசலில் நின்றபடியே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போனேன், முடியவில்லை. சாப்பிட்ட பிறகு, அவன் மனைவி உள்ளே போனதும் சொன்னேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு சொன்னான்: "நீங்க அந்தத் துணிய மடிச்சு பாக்கெட்ல வெச்சத நான் பாத்தேன்ணே. அருவியிலேருந்து திரும்பி வந்துகிட்டிருந்தேன். ஏதோ மெக்கானிக் பழக்கம்னு நெனச்சேன்."

பணத்தை மேசையில் வைத்தேன். வேண்டாம் அண்ணே என்று சொல்வான், அழுவான், நானும் அழுவேன், எல்லாம் தீர்ந்துபோகும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்து எண்ணினான். எண்ணி முடித்து, "சங்கிலி முழுகிப் போச்சு. அம்மா அதக் கடைசி வரைக்கும் மீக்கல. அது இதுல இல்ல" என்றான்.

எத்தனை பவுன் என்று கேட்டேன். சொன்னான். எவோவை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். அந்த வயதுக்கு நல்ல நிலையில் இருக்கிறது, மூன்றாம் எவோவுக்கு இன்று தேடி வருகிறவர்கள் உண்டு. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் கிளட்ச் தேய்ந்திருப்பதையும், பின்பக்கம் ஒரு ஷாக் கசிவதையும் முதலிலேயே சொன்னேன். மகனுக்குக் கார் பார்க்க ஜொகூரிலேயே வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்வதாகத் தம்பி சொல்லி அனுப்பினான்.