மீன் இல்லாமற் போகவில்லை



கடந்த சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை, நம் சபையைச் சேர்ந்த மீனவச் சகோதரர் ஒருவரைப் பழவேற்காட்டுக் கரையில் சந்தித்தேன். ஃபைபர் படகைக் கரையேற்றிவிட்டு, வெறும் வலையை உதறிக்கொண்டிருந்தார். “மீனே இல்லையா?” என்று கேட்டேன். “மீன் இருக்குது ஐயா. மேல்தண்ணி சூடாயிடுச்சு, அது கீழே இறங்கிடுச்சு. என் வலைதான் அவ்வளவு ஆழம் எட்டல” என்றார்.

அவருடைய அனுபவம் சொன்னதை ஆய்வும் சொல்லுகிறது. பெரும்பாலான மீன்களுக்குத் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அவற்றின் வெப்பம். நீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயுவும் குறையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். ஆகையால் பல மீன்கள் குளிர்ந்த கீழ்நீரைத் தேடிப் போகின்றன. மேல்நீரில் கூட்டமாய்த் திரியும் கானாங்கெளுத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கணிப்பின்படி, 1985–89 ஆண்டுகளில் பிடிபட்ட கானாங்கெளுத்தியில் 2 விழுக்காடு மட்டுமே கடலடியை அரிக்கும் இழுவை வலைகளில் சிக்கியது. 2003–07 ஆண்டுகளில் அது 15 விழுக்காடாயிற்று. கடல் சூடாவதால் அம்மீன் ஆழத்தை நாடுகிறது என்று அவர்கள் கருதினார்கள்.

அந்தச் சகோதரரின் சொல் வழியெல்லாம் என்னை உறுத்தியது. அதற்கு முந்தின வாரம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை இழந்த ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மாதமாக அவர் ஆராதனைக்கு வரவில்லை. “நல்லா இருக்கோம் ஐயா” என்றார். நான் ஒரு சங்கீதத்தை வாசித்து, ஜெபித்து, பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன். இவருக்குள் விசுவாசம் அற்றுப்போயிற்று என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மறுநாள் மாலை மீண்டும் அங்கே போனேன். வேதத்தைத் திறவாமல் அவர் அருகே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் வாய் திறந்தார். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. காணிக்கைப் பை தம்மைக் கடந்து போகும்போது தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஆனாலும் பிள்ளைகள் உறங்கியபின் ஒவ்வொரு இரவும் மொட்டைமாடியில் முழங்காற்படியிடுகிறார். நான் இல்லையென்று எண்ணிய விசுவாசம் அங்கேதான் இருந்தது. சூடு தாங்காமல் ஆழத்திற்குப் போயிருந்தது. எட்டாதது என் வலைதான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

லூக்கா 5ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் உழைத்தும் வெறுங்கையாய் நின்ற சீமோனை ஆண்டவர் வேறு கடலுக்கு அனுப்பவில்லை. அதே கடலில், அதே வலையோடு, ஆழத்திற்கு அனுப்பினார்.

பிரியமானவர்களே, நம் நடுவில் காணாமற்போன முகங்கள் உண்டு. அவர்களைக் குறித்துத் தீர்ப்பு எழுதுமுன், இந்த வாரம் ஒரு வீட்டிற்காவது போய்ச் சற்று அதிக நேரம் உட்காருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, கரையோரத்திலேயே வலை வீசித் திரும்பும் எங்கள் அவசரத்தை மன்னியும். பிறர் துயரத்தின் ஆழம் மட்டும் செல்லும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.