கொள்ளிடமா, காவிரியா?



சியாட்டிலிலிருந்து பேரன் வந்திருக்கிறான். பதின்மூன்று வயது. கே.கே. நகர் வீட்டுக்கு வந்த மறுநாளே, "தாத்தா, இங்க எந்த ஆத்துல சால்மன் கிடைக்கும்?" என்றான். அங்கே கோடை தொடங்கினால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இதே பேச்சுதானாம்.

சால்மன் நமக்கு ஏது? ஆனால் அதைப் போலவே கடலிலிருந்து ஆற்றில் எதிரேறி வந்து முட்டையிடும் மீன் ஒன்று இங்கும் இருந்தது: உள்ளம். வங்காளிகள் உயிரை விடும் இலிஷ் அதுதான். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் ஏறி வரும். குறுக்கே அணைகள் வந்தன, 1934-இல் மேட்டூரும் வந்தது. வெள்ளம் குறைந்தது, மீனும் அருகிப்போனது.

கெண்டை, கெளுத்தி, ஜிலேபி கிடைக்கும் என்றேன். "சரி, எந்த ஆறு?" என்றான்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்பதை நான் கரும்பலகையில் வரைந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். (கொள்ளிடத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கல்லணைக்கு இடமில்லாமல் விழிப்பேன்.) பாசனத் தண்ணீர் காவிரிக்கு, உபரி கொள்ளிடத்துக்கு. அதனால் ஜூனில் கொள்ளிடம் பெரும்பாலும் மணல்தான், அங்கங்கே மடுக்கள். தேங்கிய தண்ணீரில் மீன் நெருக்கமாக நிற்கும். என் அப்பா தூண்டிலோடு போனது எப்போதும் அங்கேதான். மண்புழு தோண்டிக் கொடுப்பது என் வேலை.

எனக்கும் மனசு கொள்ளிடம் என்றுதான் சொன்னது. ஆனால் நான் அங்கே இறங்கி முப்பது வருடமாகிறது. அந்த வருடம் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். மணல் அள்ளிய குழி. பார்த்தால் முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் ஆளை விழுங்கிவிடும். அவன் பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. முந்தின நாள் வெள்ளிக்கிழமை, வகுப்பில் பேசியதற்காக அவனை வெளியே நிற்க வைத்திருந்தேன்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள். தூண்டில் பைத்தியமான பழைய மாணவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "சார், புதுத்தண்ணி வந்து ரெண்டு நாள் விட்டுப் போங்க. முதல்ல குப்பையும் நுரையும்தான் வரும். அப்புறம் காவிரிக் கரையில படியில உக்காந்தே போடலாம், இறங்கவே வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே காவிரி என்று முடிவு செய்தேன்.

ஓடத்துறைப் பக்கம் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தோம். மைதா மாவு உருண்டை, பத்து ரூபாய் முள், மயில் இறகுத் தக்கை. அவன் கொண்டுவந்த விலை உயர்ந்த ராடு பையிலேயே கிடந்தது. இரண்டு முறை ஒரு படி கீழே இறங்கப் பார்த்தான். சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "தாத்தா, எனக்கு ஸ்விம்மிங் தெரியும்" என்றான். அவனுக்கும் தெரிந்திருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. இதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன்தான் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டி அதை இரண்டு துண்டாக்கி வறுத்துக் கொடுத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த தடவை கொள்ளிடம் போலாமா தாத்தா?" என்றான். மீனில் முள் இருக்கு, பார்த்துச் சாப்பிடு என்றேன்.