மேற்குக் கரை நடை – 6: கால் கழுவிய தண்ணீர்

அயர்லாந்தின் குரோ பாட்ரிக் மலையில் ஏறியதைச் சென்ற வாரம் சொன்னேன். இறங்கியதைச் சொல்லவில்லை. உயரம் 764 மீட்டர்தான். ஆனால் உச்சிக்குக் கீழே முழுக்கச் சரளைக்கல். கல் உருள, நாமும் கூடவே உருளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முர்ரிஸ்க் கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் சுண்டுவிரலில் இருந்த பழைய கால் ஆணி நெருப்பாய் எரிந்தது. ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று இதே சரளையில் வெறுங்காலோடு ஏறுகிற பக்தர்கள் இன்றும் உண்டு.

தங்கியிருந்த வீட்டுப் பாட்டி நான் நொண்டுவதைப் பார்த்தார். கொல்லைச் சுவரில் படர்ந்திருந்த ஐவிக் கொடியிலிருந்து நாலைந்து இலை பறித்து வினிகரில் ஊறப்போட்டார். உப்புப் போட்ட வெந்நீரில் என் காலை வைக்கச் சொன்னார். பிறகு ஊறிய இலை ஒன்றை ஆணியின்மேல் வைத்துத் துணியால் கட்டிவிட்டார். தினமும் புது இலை மாற்ற வேண்டும், ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார். தடித்த தோலை வினிகரின் புளிப்பு மெல்ல இளக்கும். ஐவிச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

இந்த இலை வைத்தியத்தை நான் முன்பே படித்திருந்தேன். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள், 50,000 பேருக்கு மேல், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டுகளில் எழுதினார்கள். ஊர்க் கதைகளோடு கைவைத்தியமும் அதில் சேர்ந்தது. அந்த நோட்டுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. குளிரில் சிவந்து வீங்கி அரிக்கும் கால்விரலுக்கு வெங்காயம். மருவுக்கு டேன்டலியன் தண்டின் பால், அல்லது பழைய கோயில் பாறைக் குழியில் தேங்கிய மழைநீர். ஆழமாய்த் தைத்த முள்ளை இழுக்கக் காய்ந்த நரி நாக்கு! இதில் எது பலித்தது, எது நம்பிக்கை மட்டும் என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் பருவ வயதுவரை செருப்பறியாமல் வளர்ந்தவர்கள். பூட்ஸ் வாங்கிய பிறகும் அதைக் கையில் தூக்கி நடந்து, தேவாலயத்துக்குப் பக்கத்தில் வந்துதான் மாட்டிக்கொண்டார்கள். தோல் தேயலாம், பூட்ஸ் தேயக் கூடாது. கால் நோவுக்கு இத்தனை மருந்து பிறந்தது அந்த வறுமையில்தான் என்று நினைக்கிறேன். படிக்கும்போது நெஞ்சு கனத்தது.

அன்று இரவு பாட்டி என் கால் ஊறிய தண்ணீரை வீட்டுக்குள் வைக்க விடவில்லை. கால் கழுவிய தண்ணீர் உள்ளே தங்கினால், இரவில் வெளியே இருப்பவர்களுக்கு அதுவே கதவைத் திறந்துவிடுமாம். அவர்களை 'நல்லவர்கள்' என்றார்; அமானுஷ்யர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கொட்டும்முன் குரல் கொடுக்க வேண்டும், அவர்கள்மேல் பட்டுவிடக் கூடாது.

மறுநாள் இரவு பாத்திரத்தை நானே தூக்கிக்கொண்டு போனேன். வெளியே தூறல். இருட்டைப் பார்த்து, "தள்ளிக்கங்க, தண்ணி வருது" என்று தமிழில் சொல்லிவிட்டுக் கொட்டினேன்.

(தொடரும்)