கண்ணாடி கற்பித்த பாடம்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, புகுமுக வகுப்பையும் கடந்து, 1995ஆம் ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் காலெடுத்து வைத்தேன். வீட்டில் தமிழ் பேசினோம்; கடைத்தெருவில் மலாய் பேசினோம். ஆங்கிலமோ எனக்குப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது, வாய்க்கு வரவில்லை.

முதல் வாரத்திலேயே ஆங்கில ஆசிரியை என்னை எழுப்பி, ஒரு கதையை வாசிக்கச் சொன்னார். அதில் 'அவன் ஒரு கெட்ட மனிதன்' என்று ஒரு வரி வந்தது. நான் அதை 'பெட் மென்' என்று வாசித்தேன். வகுப்பே சிரித்தது. என் உச்சரிப்பில் கெட்ட மனிதன், 'கட்டில் மனிதர்கள்' ஆகிவிட்டான்! மறுநாள் முதல் என் பெயரே 'கட்டில்' ஆனது.

அதன்பின் நான் கையை உயர்த்துவதை நிறுத்திவிட்டேன். விடை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை. ஒருநாள் கடுமையான காய்ச்சல். அதை ஆங்கிலத்தில் சொல்லக் கூச்சப்பட்டு, பாடவேளை முடியும்வரை மேசையில் தலைசாய்த்துக் கிடந்தேன்.

எனக்கு வழிகாட்டியது தமிழ் வகுப்புதான். ஒரு சனிக்கிழமை, தமிழாசிரியர் எங்களைச் சிறிய கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியிருப்பதைப் பற்றிப் பாடம் நடத்தினார். கண்ணாடியைப் பார்த்தபடி உயிரெழுத்துகளைச் சொன்னோம். அ, ஆ என்றபோது வாய் திறந்தது. இ, ஈ, எ, ஏ, ஐ என்றபோது நாக்கு முன்பற்களை நோக்கி நகர்ந்தது. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்றபோது உதடுகள் குவிந்தன.

பாடம் முடிந்ததும் தயங்கித் தயங்கி, "ஐயா, ஆங்கில எழுத்துகளுக்கும் இப்படி விதி இருக்கிறதா?" என்று கேட்டேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் புன்னகைத்தார். "ஆங்கிலத்துக்கென்று தனி நாக்கா இருக்கிறது, தம்பி? 'எ' என்று சொல். நாக்கை அப்படியே வைத்துக்கொள். இப்போது 'ஆ' சொல்வதுபோல் தாடையைக் கீழே இறக்கு."

செய்தேன். ஆடு கத்துவதுபோல் ஓர் ஒலி வந்தது. தமிழ் எழுத்தில் எழுத முடியாத அந்த ஒலியைக் கண்ணாடியில் முதன்முதலாகப் பார்த்தேன். 'கெட்ட' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் அன்றுதான் என் வாய்க்குள் வந்தது.

பிறகுதான் ஆங்கிலத்தின் சிக்கல் எனக்குப் புரிந்தது. தமிழில் உயிரெழுத்துகள் பன்னிரண்டு. ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் ஐந்துதான். ஆனால், பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலிகள் ஏறத்தாழ இருபது! பூனை, அணிச்சல், தந்தை, பந்து ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கிலும் 'ஏ' என்ற ஒரே எழுத்துதான் வருகிறது. ஒலியோ நான்கு விதம். எனவே, கண்ணை மட்டும் நம்பினால் போதாது. காதையும் வாயையும் பழக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்திற்கு என் பக்கத்து இருக்கை நண்பன் துணைநின்றான். அவன் மலாய்க்காரன், அன்று சிரித்தவர்களுள் அவனும் ஒருவன். கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', செம்மறியாட்டைக் குறிக்கும் 'ஷீப்' இரண்டும் அவன் வாயில் ஒன்றாகவே ஒலித்தன. மலாய்மொழியில் குறில், நெடில் வேறுபாடு இல்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று விரலை நொடித்து அவனுக்குக் காட்டினேன். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் நீளம் மட்டுமே வேறுபாடு அன்று. ஆனாலும், தொடங்குவதற்கு அது போதுமானதாக இருந்தது. பதிலுக்கு அவன், வாழைப்பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் உயிரொலியை எனக்குக் கற்றுத்தந்தான். தங்கத்தைக் குறிக்கும் 'எமாஸ்' என்ற மலாய்ச் சொல்லின் தொடக்கத்தில் வருமே, அதே மெல்லிய ஒலி! நான் நாள்தோறும் கேட்ட ஒலிதான். ஆங்கிலத்திலும் அது இருப்பதை அறியாமல் இருந்தேன்.

சில வாரங்கள் கழித்து, வாசிப்பதற்கு நானே கையை உயர்த்தினேன். பழக்கத்தில் யாரோ 'கட்டில்' என்றார்கள். நான் நிறுத்தவில்லை. பக்கம் முழுவதையும் வாசித்து முடித்தேன்.

அண்மையில், பாடத்திட்ட அதிகாரி என்ற முறையில் ஒரு தமிழ் வகுப்பைப் பார்வையிட்டேன். ஒரு மாணவி 'பழம்' என்பதைப் 'பலம்' என்று வாசித்தாள். பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. அவள் தலைகுனிந்து அமர்ந்தாள். அந்தக் குனிந்த தலையை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆசிரியரிடம் அனுமதி பெற்று, 'கட்டில்' கதையை அவர்களுக்குச் சொன்னேன். அந்த மாணவி மெல்ல நிமிர்ந்து, "சார், ழகரத்தையும் கண்ணாடியில் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். "வாயை நன்றாகத் திறந்து, நாக்கின் நுனியை மேலே வளைத்துப் பாரம்மா," என்றேன்.

அவள் தன் பென்சில் பெட்டியிலிருந்து சிறிய கண்ணாடி ஒன்றை எடுத்தாள். மணி அடித்தபோது, பின்வரிசையில் சிரித்தவர்களும் அந்தக் கண்ணாடிக்காகக் காத்து நின்றார்கள்.