ஒரு மணித்தியாலக் கொரில்லா

உகண்டாவின் புவிண்டிக் காட்டில் மலைக் கொரில்லாக் குடும்பமொன்றைப் பார்க்க, ஆபிரிக்காவுக்கு வெளியிலிருந்து போறவர் கட்டவேண்டிய பெர்மிட் காசு 800 டொலர். பக்கத்து ருவாண்டாவில் 1,500. விடுதியில இருந்து ரூபாயில பெருக்கிப் பார்த்தோம், சிரிப்புத்தான் வந்தது.

அதுக்குக் கிடைப்பது ஒரேயொரு மணித்தியாலம். ஒரு குடும்பத்திடம் எட்டுப் பேருக்கு மேல் போகேலாது. விடியவே தடம் பார்ப்பவர்கள் முன்னுக்குப் போய், முதல்நாள் இரவு கொரில்லாக்கள் படுத்த இலைக்கூடுகளிலிருந்து தேடத் தொடங்குவார்கள். பின்னால போறவர்கள் சேற்றிலும் கொடியிலும் சிலவேளை மணிக்கணக்காய் ஏறவேணும். கிட்டப் போனதும் மாஸ்க். தடிமன், காய்ச்சல் என்றால் கூட்டிக்கொண்டு போகவே மாட்டார்கள்; எங்கட சளி அதுகளுக்கு உயிராபத்து. மிருகத்துக்காக மனிசர் மூக்கை மூடுற இந்த விதி எங்களுக்கு நல்லாப் பிடிச்சது.

காவலும் வீண்போகவில்லை. விருங்கா மலைகளில் 1981 இல் 254 ஆக இருந்தவை, 2016 அளவில் 604.

ஆனால் 1991 இல் புவிண்டி தேசியப் பூங்காவானபோது, அதுக்குள்ள தேன் எடுத்து, வேட்டையாடி வாழ்ந்த பட்வா மக்கள் வெளியில் தள்ளப்பட்டார்கள். முப்பது வருசம் கழிச்சு, 2021 இல்தான், உகண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாய்த் தீர்ப்புச் சொன்னது. இப்போது காட்டோரத்தில், சுற்றுலா வந்தவர்களுக்கு முன்னால் தங்கட பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டுகிறார்கள். அதுக்கும் டிக்கெட்.

எங்களில் பாதிப்பேர், காசு கிடைச்சாலும் போகமாட்டோம் என்கிறோம். மற்றப் பாதி, ஒருத்தரும் போகாவிட்டால் கொரில்லாவுக்குக் காவல் போட ஆர் காசு தாறது என்று கேட்குது. ரெண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே இடம்: அந்த 800 டொலரில் பட்வாக்களுக்கு எவ்வளவு போகுது என்று பெர்மிட் வாங்கமுதல் கேட்கவேணும்.