பிழைகளின் இலக்கணம்

எழுதப் படிக்கத் திணறும் குழந்தையைப் பற்றிப் பேசும்போது நாம் குழந்தையை மட்டுமே ஆராய்கிறோம். அதன் முன் வைக்கப்பட்டிருக்கும் எழுத்தை ஆராய்வதில்லை. திருப்பூணித்துறையில் என் அண்டை வீட்டுச் சிறுவனுக்கு ஏழு மாதங்களாகத் தமிழ் கற்பித்துவரும் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

அவனுக்கு வயது ஒன்பது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். டிஸ்லெக்சியா இருப்பது சென்ற ஆண்டு உறுதியானது. சோதனை ஆங்கிலத்தில் மட்டுமே நடந்தது. ‘இரண்டு எழுத்தே ஏறாதவனுக்கு மூன்றாவது எதற்கு? தமிழை விட்டுவிடுங்கள்’ என்பது பெற்றோருக்குக் கிடைத்த அறிவுரை. பன்மொழிச் சூழல் டிஸ்லெக்சியாவை உண்டாக்குவதில்லை. ஆயினும் அவன் தாயார் அரை மனத்தோடு இணங்கிவிட்டார். பையன் இணங்கவில்லை. தென்காசியிலிருந்து ஆச்சி வாட்ஸாப்பில் எழுதியனுப்புவதைத் தானே படிக்க வேண்டும் என்றான்.

நான் சிறப்புக் கல்வி பயின்றவள் அல்லேன், மொழியியல் மாணவி. ஆகவே அவன் பிழைகளைத் திருத்துவதோடு நில்லாமல், நாள் குறித்துத் தொகுத்தும் வந்தேன். அவற்றில் ஓர் ஒழுங்கு தென்பட்டது.

முதலாவது, கொம்பு. ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என எழுதுவான். ஒலியில் மெய் முன், உயிர் பின். எழுத்திலோ கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் நிற்கின்றன. மலையாளத்திலும் இதே அமைப்பு. அங்கும் இதே பிழை.

இரண்டாவது, உகரம். ‘குடை’யைக் ‘கடை’ என்றும் ‘முடி’யை ‘மடி’ என்றும் வாசிப்பான். மலையாளத்தில் இப்பிழை அநேகமாக இல்லை. 1971ஆம் ஆண்டின் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் உகர, ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்து, எங்கும் ஒரே வடிவில் நிறுத்தியது. தமிழகத்தின் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றைச் சீராக்கியது, உகரத்தைத் தொடவில்லை. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் சீராக்க வேண்டுமென வா. செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதிட்டார், அது ஏற்கப்படவில்லை.

எழுத்தை மாற்ற வேண்டும் என்பது என் வாதமன்று. சிறுவன் ஒருவனே, ஒலியும் ஒன்றே. ஓர் எழுத்துமுறையில் வருவது மற்றொன்றில் வரவில்லை. இதைச் சோம்பல் என்றோ மந்தம் என்றோ கூற இடமில்லை.

எனவே அரிச்சுவடி வரிசையைக் கைவிட்டு, உருவ ஒற்றுமையைப் பின்பற்றினோம். கீழே கோடு இறங்கும் சு, பு, யு, வு ஒரு குடும்பம். வளைந்து மேலேறும் து, நு, று, னு மற்றொன்று. கு, டு, மு, ரு கடைசியில். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவான். விஜயதசமியன்று கேரளக் குழந்தைகள் ஒருநாள் செய்வதை இவன் ஏழு மாதங்களாகச் செய்கிறான். கண், காது, விரல் மூன்றையும் இணைக்கும் இவ்வழியையே 1930களில் ஆர்ட்டனும் கில்லிங்காமும் ஆங்கிலத்துக்கு வகுத்தனர். இப்போது உகரம் பெரும்பாலும் தப்புவதில்லை. ஊகாரம் இன்னும் இடறுகிறது.

காலம் பிடிக்கத்தான் செய்யும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; தமிழில் 247. இந்திய எழுத்துமுறைகளில் அட்சரங்களைக் கற்றுமுடிக்கப் பல வகுப்புகள் தேவைப்படுவதைச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கன்னட ஆய்வு காட்டியது. ஆங்கிலத்தின் கால அளவைக் கொண்டு தமிழ்க் குழந்தையை அளப்பது முறையன்று.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் குழந்தை எந்த எழுத்தில், ஏன் இடறுகிறது என்பதைச் சான்றிதழ் சொல்லாது. அந்தத் தரவு வகுப்பறை ஏடுகளில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டுக் கிடக்கிறது.

ஆய்வுத் தலைப்புத் தேடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே ஒரு குழந்தையின் ஒரு பருவப் பிழைகளைத் தொகுத்துப் பாருங்கள். ஆசிரியர்கள் அடுத்த ஏட்டைத் திருத்துமுன், தவறான சொல்லை அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தமிழுக்கான வாசிப்புப் பயிற்சியை அங்கிருந்துதான் கட்ட முடியும்.